போரில் நின்ற அணை: பொறுப்பேற்ற இந்தியப் பொறியாளர்கள்

புதுடெல்லி: போரில் சிதைந்த நாட்டில் அணையோ சாலையோ அமைக்க, பணத்துக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது பொறியியல் ஆலோசகர். எஞ்சியிருப்பதை ஆய்வு செய்து, திட்ட மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்ததாரர்களின் பணியைக் கண்காணிப்பவர் அவரே. ஆப்கானிஸ்தானின் ஹெராத் மாகாணத்தில் உள்ள சல்மா அணையில் இப்பொறுப்பை ஏற்றது மத்திய அரசு நிறுவனமான 'வாப்காஸ்'.

1976-ல் தொடங்கிய இந்த அணைப் பணி உள்நாட்டுப் போரால் முடங்கியது. 1988-ல் வாப்காஸ் ஏற்றும் தொடர இயலவில்லை. தலிபான் ஆட்சி வீழ்ந்த பிறகு, இந்திய நிதியுதவியுடன் பணி மீண்டும் தொடங்கியது. சுமார் 1,700 கோடி ரூபாய் செலவில் முடிந்த அணை, 2016 ஜூன் 4-ல் திறக்கப்பட்டது. மின் உற்பத்தித் திறன் 42 மெகாவாட். பாசனத்துக்குத் திட்டமிடப்பட்ட பரப்பு 75,000 ஹெக்டேர்.

இத்தகைய பணிகளுக்கு உயிர்களும் விலையாயின. 218 கி.மீ. நீள சரஞ்ச்-டெலாராம் சாலைப் பணியில் இருந்த எல்லைச் சாலைகள் அமைப்பின் ஓட்டுநர், கேரளத்தைச் சேர்ந்தவர், 2005-ல் கடத்திக் கொல்லப்பட்டார்.

2021 ஆகஸ்டில் தலிபான்கள் காபூலைக் கைப்பற்றியதும் இந்தியா தனது தூதரக அதிகாரிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டது. தூதரகம் மீண்டும் செயல்படும் என 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அணைக்குப் பராமரிப்பு என்றும் தேவை. அதற்குப் பொறியாளர்களை அனுப்புமுன், அவர்களது பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பதை டெல்லி உறுதி செய்தாக வேண்டும்.