கொரோனாவால் கை நழுவிய கொடி! சேலம் மாரியப்பன் டோக்கியோ போன கதை

மல்லசமுத்திரத்தில் சேலம் பஸ் ஏறுகிறவர்களுக்கு உயரம் தாண்டும் வீரர் மாரியப்பன் தங்கவேலு நம்ம மாவட்டத்துப் பையன்தான். அவர் பெரியவடகம்பட்டியில் பிறந்த 1995-ல் மல்லசமுத்திரமும் சேலம் மாவட்டம்தானே!

5 வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார்.

அடுத்தது டோக்கியோ. 2019 நவம்பரில் துபாய் உலகப் போட்டியில் முதல் 4 இடம் பிடித்தால் டோக்கியோவில் இடம். மாரியப்பன் 1.80 மீட்டர் தாண்டி 3-வதாக வந்தார். அப்பாடா என்று உட்கார்ந்தால், வந்தது கொரோனா! 2020 போட்டி ஒரு வருஷம் தள்ளிப்போச்சு.

பிடித்த இடம் பறிபோகவில்லை. ஆனால் அந்த இடம் நாட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல. 2021 ஜூனில் டெல்லி தேர்வுப் போட்டியில் மறுபடியும் தாண்டிக் காட்டித்தான் அணியில் சேர்ந்தார்.

கொடி யார் கையில்?

தொடக்க விழாவில் தேசியக் கொடி பிடிக்க அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டோக்கியோ போன விமானத்தில் உடன் வந்த ஒருவருக்குக் கொரோனா. மாரியப்பனுக்கு நோய் இல்லை. ஆனாலும் தனிமையில் வைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 24-ந் தேதி கொடி பிடித்தவர் தேக்சந்த்.

31-ந் தேதி போட்டி. மழை வேறு! நனைந்த காலுறையோடு 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார் மாரியப்பன். தங்கம் வாங்கிய அமெரிக்க வீரர் தாண்டியது 1.88 மீட்டர். ரியோவில் மாரியப்பன் தாண்டியதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு!