செருப்பூசி தைத்த அரண்மனைத் திரைகள்

கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வொர்க் என்றால் பெரிய முதலியார்சாவடியிலிருந்து மரக்காணம் வரை இன்று யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆனால் அந்த வேலையைச் செய்யும் கொக்கி ஊசிக்குப் பழக்கமானது முதலில் தோல்தான் என்கிறார்கள். துணி பிறகு வந்தது.

குஜராத்தின் மோச்சிகள் செருப்புத் தைக்கும் சமூகத்தினர். அங்கே பறவையும் விலங்குமாகப் பொன், வெள்ளிக் கம்பியால் அலங்கரித்த தோல் விரிப்புகளைப் பற்றி மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சொல்லியிருக்கிறார். முகலாயர் காலத்தில் மோச்சிகளின் கொக்கி, பருத்தித் துணியில் பட்டு நூலால் பூச்செடிகளை நிரப்பியது. ஊர் ஊராக முகாம் போட்ட அரசவைக்குத் துணிதானே சுவர்! சுருட்டி யானைமேல் ஏற்றிவிடலாம். அகமதாபாத் காலிக்கோ அருங்காட்சியகத்தில் முகலாயர் காலக் கூடாரத் துணிகள் இருக்கின்றன. 1700 வாக்கில் இங்கிலாந்துச் சீமான் வீட்டுக்குப் போன குஜராத் திரை ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வேலை நடக்கும் விதம் இது. துணியை ஃபிரேமில் தட்டினால் அதிரும்படி இழுத்துக் கட்டுவார்கள். துளையிட்ட டிரேசிங் தாளின்மேல், மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் டிசைன் இறங்கிவிடும். நூல் துணிக்கு அடியில், இடக்கையில். வலக்கை மேலிருந்து ஊசியைக் குத்தும்; அடியில் இடக்கை நூலைக் கொக்கியில் மாட்டும்; ஊசியை லேசாகத் திருப்பி இழுத்தால் மேலே ஒரு கண்ணி. திருப்ப மறந்தால் கொக்கி துணியைக் கவ்விக்கொள்ளும். அடுத்த குத்து அந்தக் கண்ணிக்குள்ளேயே. இப்படிக் கண்ணிக்குள் கண்ணியாகச் சங்கிலி வளரும். கடைசிக் கண்ணியை முடிச்சுப் போட்டுப் பூட்டாவிட்டால், நுனியைச் சுண்டி இழுத்த வேகத்தில் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

பழைய திரைகளில் இதழின் வளைவோடு சங்கிலியும் வளைந்து, வரிசைக்கு வரிசை ஒட்டி ஓடும். வரிசை திரும்பும் இடத்தில் பட்டின் பளபளப்பும் திரும்பும். ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாகத் தெரியும். இன்றைய ஜாக்கெட்டுகளில் கல்லும் மணியும் கொட்டி அந்த ஒளியை மூடிவிடுகிறோம் என்பது என் மனத்தாங்கல்.

துணித்திரைகள் செய்வது இன்னும் நிற்கவில்லை. பாரிஸின் புகழ்பெற்ற எம்பிராய்டரி குடும்பத்தைச் சேர்ந்த ழான் பிரான்சுவா லெசாஜ் பங்குதாரர்களோடு 1993-இல் சென்னையில் தொடங்கிய வஸ்த்ரகலா, வீட்டு அலங்காரத் துணிகளில் பெயர் வாங்கியது. ஜாக்கெட்டுக்கு ஆரி கற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வஸ்த்ரகலாவில் ஃபிரேமைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.