பக்கத்தை விட்டுப் பக்கத்தில் பார்

அமெரிக்காவில் ஜனவரி மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை. அதையொட்டி அவரைப் பற்றி எழுதிவரச் சொல்வது பள்ளிகளில் வழக்கம். பிள்ளைகள் கணினியைத் திறந்து அவர் பெயரைத் தட்டுவார்கள். பல ஆண்டுகள் அந்தத் தேடலில் முன்வரிசையில் வந்து நின்ற தளங்களுள் ஒன்று, கிங்கின் பெயரையே முகவரியாகக் கொண்ட ஒரு 'டாட் ஆர்க்' தளம். மாணவர்களுக்கென்றே ஒரு வினாடி வினா, அச்செடுத்துப் பள்ளியில் விநியோகிக்கத் துண்டறிக்கைகள் எல்லாம் அதில் தயாராக இருந்தன. வீட்டுப்பாடத்துக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

கொஞ்சம் உள்ளே போனால்தான் நெருடும். கட்டுரைக்குக் கட்டுரை கிங்கை இழிவுபடுத்தும் பேச்சு. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில், தளத்தை நடத்துபவரின் பெயர்: ஸ்டார்ம்ஃபிரன்ட். அது வெள்ளை இனவெறியர்களின் இணைய மன்றம். அதைத் தொடங்கிய டான் பிளாக், கூ கிளக்ஸ் கிளான் அமைப்பின் முன்னாள் தலைவர். 1999இல் கிங்கின் பெயரில் இந்தத் தளத்தை அமைத்தவரும் அவரே.

அந்தத் தளம் இப்போது இல்லை. இருந்த காலத்தில், அதைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் மறைத்திருக்கலாம். பல பள்ளி நூலகர்கள் அப்படிச் செய்யவில்லை. வகுப்புத் திரையில் அதையே பெரிதாகப் போட்டுக் காட்டி, "இதை எழுதியது யார்? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். புத்தகம் எடுத்துக் கொடுப்பவராக மட்டுமே நாம் நினைத்திருக்கும் நூலகரின் வேலை எங்கே நகர்ந்துவிட்டது என்பதற்கு அந்தக் கேள்வியே அடையாளம்.

2023 ஜனவரி 4ஆம் தேதி நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மழலையர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை எல்லா மாணவர்களுக்கும் 'தகவல் எழுத்தறிவு' கற்பிக்கப்பட வேண்டும் என்கிறது அது. இதைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் நியூ ஜெர்சி. பாடத் தரநிலைகளை வகுக்கும் குழுவில் சான்றிதழ் பெற்ற பள்ளி நூலகர்கள் இடம்பெற வேண்டும் என்றும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர்களும் அந்த மாநிலத்துப் பள்ளி நூலகர்கள்தான். எடிசன், பிளெயின்ஸ்பரோ என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் உள்ள மாநிலம் இது. நம் வாசகர்கள் சிலரின் பேரப்பிள்ளைகளும் இந்தப் பாடத்தைப் படிக்கப் போகிறார்கள்.

அதென்ன தகவல் எழுத்தறிவு? அந்தச் சொல்லை 1974இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பால் சுர்கோவ்ஸ்கி. அவர் நூலகர் அல்லர், தகவல் துறை நிறுவனங்களின் சங்கத் தலைவர். எழுதப் படிக்கத் தெரிவது ஒன்று. குவிந்து கிடக்கும் தகவலில் நமக்கு வேண்டியதை எடுத்து, எடைபோட்டு, பயன்படுத்தத் தெரிவது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் அவர் குறிப்பிட்டார். நியூ ஜெர்சி சட்டம் அதை இன்னும் விரிக்கிறது. தகவல் எப்படி உருவாகிறது, மூல ஆவணத்துக்கும் அதைப் பற்றிப் பிறர் எழுதியதற்கும் என்ன வேறுபாடு, எது உண்மை எது கருத்து, பிறர் ஆக்கத்தை எடுத்தாளும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறி என்ன என்பதெல்லாம் அதற்குள் அடங்கும்.

கைப்பேசியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை பெரியவர்களிடம் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2016இல் அதைக் கலைத்தது. 12 மாநிலங்களின் மாணவர்களிடமிருந்து 7,804 விடைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 'விளம்பரதாரர் வழங்குவது' என்று தெளிவாகக் குறிப்பிட்டிருந்த ஒன்றை, நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம், உருக்குலைந்த டெய்சிப் பூக்களின் படம் ஒன்றைக் காட்டினார்கள். ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் இப்படி ஆனது என்பது படத்தோடு வந்த வாசகம். யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்ற குறிப்பே இல்லாத அந்தப் படத்தை வலுவான சான்று என்று ஏறத்தாழ 40 சதவீதத்தினர் சொன்னார்கள்.

நூலகர்கள் அதற்கு முன்பும் சும்மா இருக்கவில்லை. இணையதளத்தை மதிப்பிடப் பட்டியல் வைத்திருந்தார்கள். எழுதியவர் யார், தேதி என்ன, நோக்கம் என்ன, பிழைகள் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறியிட வேண்டும். கலிபோர்னியாவின் சிகோ நகரில் உள்ள பல்கலைக்கழக நூலகத்தில் 2004இல் உருவான ஒரு பட்டியல் நாடெங்கும் பரவியது. அதில் ஓர் ஓட்டை இருந்தது. பட்டியலில் உள்ள கேள்விகளுக்கு மாணவர் விடை தேடுவது அந்தத் தளத்துக்குள்ளேயே. 'எங்களைப் பற்றி' என்ற பகுதியைப் படித்து ஒரு தளத்தை மதிப்பிடுவது, வரனைப் பற்றி வரன் வீட்டிலேயே விசாரிப்பது போல.

ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் செய்த ஆய்வு இந்த ஓட்டையைக் கையால் தொட்டுக் காட்டியது. வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர். எல்லாரிடமும் இரண்டு குழந்தை மருத்துவ அமைப்புகளின் தளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கப்பட்ட, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களைக் கொண்ட தேசிய அமைப்பு. மற்றது, ஒருபாலினத் தம்பதியர் பிள்ளைகளைத் தத்தெடுப்பதை எதிர்த்து 2002இல் பிரிந்துபோன சில நூறு பேரின் அமைப்பு. பெயரும் தோற்றமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பேராசிரியர்கள் வரி வரியாகப் படித்துக் குழம்பினார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் சிறிய அமைப்பையே தேர்ந்தெடுத்தார்கள். உண்மை சரிபார்ப்பவர்கள் பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள்.

அவர்கள் செய்தது இவ்வளவுதான். தளத்தைத் திறந்ததும் அதைப் படிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதற்குப் 'பக்கவாட்டு வாசிப்பு' என்று பெயர் வைத்தார்கள் ஆய்வாளர்கள். கண்ணெதிரே உள்ள பக்கத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் பார்ப்பது.

இதைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரப் பள்ளிகளில் 499 மாணவர்களை வைத்துக் களஆய்வு நடத்தினார்கள். வெறும் ஆறு பாடவேளைகள் கற்ற மாணவர்கள், கற்காதவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். 2022இல் முடிவு வெளியானது. மைக் கால்ஃபீல்டு என்ற கல்வியாளர் இதே முறையை நான்கு அசைவுகளாகச் சுருக்கினார்: நில், யார் என்று பார், வேறு இடத்தில் தேடு, மூலத்துக்குப் போ. இன்று பல பள்ளி நூலகச் சுவர்களில் ஒட்டியிருப்பது இந்த நான்கும்தான். ஒரு காலத்தில் "விக்கிப்பீடியா பக்கம் போகாதே" என்று சொன்ன நூலகர்களில் பலர் இப்போது, "போ, அடிக்குறிப்பிலிருந்து தொடங்கு" என்கிறார்கள்.

இதில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பொய்த் தளங்களை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால், பிள்ளை எதையும் நம்பாத பிள்ளையாகிவிடும். எல்லாமே பொய் என்பவனும் எல்லாமே மெய் என்பவனும் தேடாமல் இருப்பதில் ஒன்றுதான். அதனால் நல்ல நூலகர் நேரத்தில் பாதியை நம்பத் தகுந்த இடங்களைப் பழக்குவதில் செலவிடுகிறார். கலைக்களஞ்சியங்கள், ஆய்விதழ்கள், செய்தித்தாள் தொகுப்புகள் அடங்கிய கட்டணத் தரவுத்தளங்களுக்கு மாநில நூலகமோ பள்ளியோ சந்தா கட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அது இருப்பதே தெரியாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'குரோனிக்கிளிங் அமெரிக்கா' தளத்தில் பழைய செய்தித்தாள்களின் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

கிடைப்பது வேறு, அகப்படுவது வேறு. 1915ஆம் ஆண்டுச் செய்தித்தாளில் 'முதலாம் உலகப் போர்' என்று தேடும் மாணவருக்கு ஒன்றும் வராது. இரண்டாவது போர் வராதபோது முதலாவதுக்கு ஏது அந்தப் பெயர்? 'ஐரோப்பியப் போர்' என்று தேட வேண்டும். அந்தக் காலத்து மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்க வைக்கும் இந்த ஒரு பயிற்சியில் மொழியும் வரலாறும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

இப்படித் தேடும் பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் கூர்ந்து பார்த்தவரும் நியூ ஜெர்சிக்காரர்தான். கேரல் குல்தாவ், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் உயர்நிலைப் பள்ளி நூலகராக இருந்தவர். பின்னாளில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1980களில் தம் மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது என்ன நினைக்கிறார்கள், என்ன உணர்கிறார்கள் என்று தொடர்ந்து பதிவு செய்தார். தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் உற்சாகம் வருகிறது. தேடத் தொடங்கியதும் அது சரிந்து குழப்பமும் ஐயமும் சூழ்கின்றன. தனக்கான கோணம் பிடிபட்ட பிறகே தெளிவு மீள்கிறது. மொத்தம் ஆறு கட்டங்கள். உதவி அதிகம் தேவைப்படுவது நடுவில் வரும் அந்தக் குழப்பத்தில். முதல் நாள் நூலகத்தைச் சுற்றிக்காட்டி, கடைசி நாள் கட்டுரையை வாங்கிக்கொண்டால் அந்த நடுப்பகுதியில் பிள்ளை தனியாக நிற்கும்.

அந்தத் தனிமையில்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து தோளில் கை போடுகிறது. குழப்பம் தொடங்கும் முன்பே, கோவையாக ஒரு பதில், கூடவே சான்று நூல்களின் பட்டியல். 2025 மே மாதம் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழின் கோடைகால இணைப்பில் வாசிப்புப் பட்டியல் ஒன்று வந்தது. 15 நூல்களில் 10 இந்த உலகில் இல்லாதவை. இசபெல் அயெண்டே போன்ற உண்மையான எழுத்தாளர்களின் பெயரில், அவர்கள் எழுதாத நாவல்கள். பட்டியலைத் தயாரித்தவர் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கியதைச் சரிபார்க்காமல் கொடுத்துவிட்டார். நியூ ஜெர்சிக்கு அக்கரையில் உள்ள 'பிலடெல்பியா இன்குவயரர்' நாளிதழிலும் அதே இணைப்பு வெளியானது.

அந்த நூல்களில் ஒன்றைக் கேட்டு ஒரு பிள்ளை வந்தால் நூலகர் என்ன செய்வார்? பழைய வேலையையேதான். நூற்பட்டியலைத் திறந்து காட்டுவார். எந்த நூலகத்திலும் இல்லை, பதிப்பாளர் பெயர் இல்லை, ஐஎஸ்பிஎன் எண் இல்லை என்றால் புத்தகமும் இல்லை. அட்டை இழுப்பறை காலத்துத் திறமைக்குப் புதுப் பயன் வந்திருக்கிறது.

ஆனால் அந்த நூலகர் அங்கே இருக்க வேண்டும். 2009-10 கல்வியாண்டுக்கும் 2018-19க்கும் இடையில் அமெரிக்கப் பள்ளி நூலகர் பணியிடங்கள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. பட்ஜெட் இடிக்கும்போது முதலில் கத்தி விழும் இடங்களில் அதுவும் ஒன்று. நியூ ஜெர்சிச் சட்டம் பாடத்தைக் கட்டாயமாக்கியதே தவிர, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகர் இருந்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. நூலகர் இல்லாத பள்ளியில் இந்தப் பாடமும் மற்ற ஆசிரியர்களின் தலையில்தான்.

கற்பிக்கப் பொருளுக்கு மட்டும் பஞ்சமில்லை. 1938 அக்டோபர் 30 இரவு, ஆர்சன் வெல்ஸ் வானொலியில் நடத்திய நாடகத்தில் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் வந்து இறங்கிய ஊர் குரோவர்ஸ் மில். நியூ ஜெர்சியில் பிளெயின்ஸ்பரோவுக்கு அருகிலேயே இருக்கும் சிற்றூர் அது. உண்மைச் செய்தி என்று நம்பி மக்கள் பீதியில் ஓடினார்கள் என்று மறுநாள் நாளிதழ்கள் முதல் பக்கத்தில் எழுதின. அந்தப் பக்கங்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. மூல ஆவணமே கையில் இருக்கிறது, இனி என்ன ஐயம் என்று தோன்றும். பின்னால் வந்த ஆய்வாளர்களோ, பீதியை நாளிதழ்கள் ஊதிப் பெரிதாக்கின என்கிறார்கள். அன்றிரவு தொலைபேசிவழி எடுத்த நேயர் கணக்கில் அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 2 சதவீதம். விளம்பர வருமானத்தை வானொலியிடம் இழந்துகொண்டிருந்த நாளிதழ்களுக்கு அதன்மேல் கோபமும் இருந்தது. அதற்காக யாருமே பயப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. பொதுமக்கள் அரசுக்கு எழுதிய கடிதங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றையும் படிக்க வேண்டும்.

குரோவர்ஸ் மில் பூங்காவில் அந்த நாடகத்துக்கு ஒரு வெண்கல நினைவுச்சின்னம் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. அன்றிரவு ஊர்க்காரர்கள் அதைச் செவ்வாய்க்காரர்களின் எந்திரம் என்று நினைத்துத் துப்பாக்கியால் சுட்டார்களாம். எல்லாரும் சொல்லும் கதை இது. முதலில் எழுதியது யார், எந்த ஆண்டில், அவருக்கு யார் சொன்னது?