சிறுதேரும் பால்மரமும்

பிள்ளைத்தமிழில் ஆண்பாற்குரிய பத்துப் பருவங்களுள் இறுதியது சிறுதேர். குறுந்தொகை 61ஆம் பாட்டிலும் சிறுதேர் உண்டு. ஏறிச் செல்ல இயலாவிடினும் சிறுவர் அதனைக் கையால் இழுத்து இன்புறுகின்றனர். அதனைச் செய்தவன் தச்சன். 1953இல் கலிபோர்னியாவில் டான் மர்பி தொடங்கிய மரக்கார்ப் பந்தயத்திலோ தந்தையும் மகனுமே தச்சராயினர்.

ஜொகூர்த் தமிழர்க்கு இதற்கான மரம் புதிதன்று. அவர்தம் முன்னோர் பலர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர். பால் குறைந்து, ஏறத்தாழ 25 ஆண்டு கடந்தபின் சாய்க்கப்படும் அம்மரமே மூவாரில் நாற்காலியும் மேசையும் ஆகிறது. அதில் எஞ்சும் துண்டு ஒரு சிறுதேருக்குப் போதும்.

அச்சுக் கோணினால் தேர் ஒருபுறம் ஒதுங்கும். பெற்றோரும் பிள்ளையும் கூடி அதனைத் திருத்துகையில், அச்சு, உருளை, இழைத்தல் ஆகிய சொற்கள் பொருளோடு நெஞ்சில் பதியும். சிறுதேர்ப் பருவம் நடத்தும் ஆசிரியர்க்கு இது நல்லதோர் உரையாகும்.