தற்சார்பு நிகழ்பட ஆட்டங்களில் அண்டத் திகில்

அண்டத் திகில் நிகழ்பட ஆட்டங்கள் என்பவை, மனித அறிவால் முழுமையாக உணரவோ வகைப்படுத்தவோ இயலாத உயிரிகளை மையமாகக் கொண்ட கணினி விளையாட்டுகள் ஆகும். அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) எழுதிய சிறுகதைகளும் குறும்புதினங்களும் இவ்வகையின் முதன்மையான ஊற்றுக்கண்ணாகக் கருதப்படுகின்றன. இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட ஆட்டங்கள் பலவற்றைப் பெரிய வெளியீட்டு நிறுவனங்களைச் சாராத சிறு குழுக்களும் தனி நிரலாளர்களுமே உருவாக்கியுள்ளனர். இவ்வாறு உருவாக்கப்படுபவை தற்சார்பு ஆட்டங்கள் அல்லது இண்டி ஆட்டங்கள் எனப்படுகின்றன. அறியவொண்ணாத ஒன்றை, எண்களாலும் விதிகளாலும் ஆன நிரலுக்குள் எவ்வாறு கொண்டுவருவது என்பதே இவ்வாட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான வடிவமைப்புச் சிக்கல் ஆகும்.

பெயரும் பொருளும்

இவ்வுயிரிகளைக் குறிக்க ஆங்கிலத்தில் எல்ட்ரிச் என்னும் பழஞ்சொல் அடைமொழியாக வழங்குகிறது. இயல்புக்கு அப்பாற்பட்ட, இவ்வுலகைச் சாராத, அச்சமூட்டும் என்பன இதன் பொருள்கள். தமிழில் பேய், பூதம், அரக்கன் ஆகிய சொற்கள் இதற்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. பேய்க்கு ஒரு முற்கதை உண்டு; அதனை ஓட்டவும் வழி உண்டு. அரக்கனுக்குப் பெயரும் பகையும் நோக்கமும் உண்டு. லவ்கிராஃப்டின் உயிரிகளுக்கோ மனிதர் மீது பகையும் இல்லை, பரிவும் இல்லை. நடப்பவர் தம் காலடியில் உள்ள எறும்பைப் பொருட்படுத்தாதது போல அவை மனிதரைப் பொருட்படுத்துவதில்லை. அண்டத்தின் பேரளவில் மனித இனம் ஒரு பொருட்டே அன்று என்னும் உணர்விலிருந்து பிறக்கும் அச்சமே அண்டத் திகில் ஆகும்.

தோற்றம்

லவ்கிராஃப்ட் 1926 ஆம் ஆண்டில் எழுதிய "க்துலுவின் அழைப்பு" என்னும் கதை, 1928 பெப்ரவரியில் வியர்ட் டேல்ஸ் இதழில் வெளியானது. பசிபிக் கடலின் அடியில் உறங்கும் க்துலு என்னும் பேருயிரி இக்கதையில் அறிமுகமாகிறது. கதையின் இறுதிப் பகுதியில் ஒரு நீராவிக் கப்பல் அவ்வுயிரியின் தலை மீது மோதுகிறது. தலை வெடித்துச் சிதறுகிறது. ஆயினும் சிதறிய பகுதிகள் உடனே மீண்டும் ஒன்றுகூடத் தொடங்குகின்றன. தாக்கலாம், ஆனால் வெல்ல இயலாது என்னும் இக்கருத்து பின்னாளில் ஆட்ட வடிவமைப்பாளர்களுக்கு ஒரு முன்மாதிரியாக அமைந்தது.

இக்கதைகளை விதிகளாக மாற்றிய முக்கிய முயற்சி, கேயோசியம் நிறுவனம் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட "கால் ஆஃப் க்துலு" என்னும் மேசை வேடமேற்பு ஆட்டம் ஆகும். சாண்டி பீட்டர்சன் இதனை வடிவமைத்தார். இதில் கதைமாந்தருக்கு உடல் வலிமையைக் குறிக்கும் புள்ளிகளுடன் மனநிலையைக் குறிக்கும் புள்ளிகளும் இருந்தன. அச்சமூட்டும் ஒன்றைக் கண்டால் பகடை உருட்டப்படும். தோற்றால் மனநிலைப் புள்ளிகள் குறையும். அவ்வுயிரிகளைப் பற்றிய அறிவு வளர வளர, மனநிலையின் மேல் வரம்பும் தாழும். அறிவு பெருகுவதையே இழப்பாக்கிய இவ்விதி, பிற்காலக் கணினி ஆட்டங்கள் பலவற்றில் வெவ்வேறு வடிவங்களில் தொடர்கிறது.

சாண்டி பீட்டர்சன் பின்னர் இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் இணைந்து, டூம் (1993), குவேக் (1996) ஆகிய அதிரடி ஆட்டங்களின் நிலைகளை வடிவமைப்பதில் பங்குகொண்டார். லவ்கிராஃப்ட் படைத்த சப்-நிகுராத் என்னும் உயிரி, குவேக் ஆட்டத்தின் இறுதி எதிரியாக இடம்பெற்றது.

வடிவமைப்புச் சிக்கல்

கதையில் "சொல்லில் அடங்காத உருவம்" என்று எழுதிவிட்டால் போதும். எஞ்சியதை வாசகரின் கற்பனை நிறைவு செய்யும். நிகழ்பட ஆட்டத்தில் அவ்வாறு இயலாது. திரையில் தோன்றும் எந்த உயிரிக்கும் ஒரு முப்பரிமாண உருவம் வேண்டும், அசைவு வேண்டும், அது எப்போது வரும், எதனைக் கண்டால் துரத்தும் என்னும் விதிகள் வேண்டும். சுடத்தக்கதாயின் அதற்கு நலப்புள்ளிகளும் வேண்டும். நலப்புள்ளி ஒதுக்கப்பட்ட அக்கணமே அவ்வுயிரி அளவிடத்தக்கதாகிவிடுகிறது. எத்தனை குண்டுகளில் அது விழும் என்று எண்ணத் தொடங்கும் ஆட்டக்காரருக்கு அச்சம் குறைந்து, கணக்கு மட்டுமே எஞ்சுகிறது.

இதற்குக் குவேக் ஆட்டம் நல்லதோர் எடுத்துக்காட்டு. சப்-நிகுராத்தை வழக்கமான ஆயுதங்களால் கொல்ல இயலாது. அதன் உடலுக்குள் ஒரு முட்பந்து அவ்வப்போது புகுந்து செல்லும். பந்து உள்ளே இருக்கும் நேரம் பார்த்து ஆட்டக்காரர் தொலைபெயர்ப்பு வாயிலில் நுழைந்தால், அவர் அவ்வுயிரியின் உள்ளேயே தோன்ற, அது வெடித்து அழியும். ஆட்டத்தின் வெளியிடப்பட்ட நிரலைப் படிப்போர், இவ்வுயிரிக்கு 40,000 நலப்புள்ளிகள் தரப்பட்டிருப்பதையும், அது அடிபடும்போதெல்லாம் அதே எண் மீண்டும் இடப்படுவதையும் காணலாம். தொலைபெயர்ப்பினால் ஏற்படும் தாக்குதலின் அளவு 50,000. ஆகவே அழிவின்மை என்பதும் நிரலில் ஓர் எண்ணாகவே எழுதப்பட்டுள்ளது. ஆட்டக்காரருக்கு அந்த எண் தெரியாதவரை அச்சம் நிலைக்கிறது.

ஆயுதத்தை நீக்குதல்

சுவீடன் நாட்டின் ஃபிரிக்சனல் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் இச்சிக்கலைப் படிப்படியாக அணுகியது. இதன் ஆட்டப்பொறியின் பெயரான எச்.பி.எல். என்பதே லவ்கிராஃப்டின் பெயரெழுத்துகளைக் கொண்டது. இந்நிறுவனத்தின் முதல் வணிக ஆட்டமான பெனும்பிரா: ஓவர்ச்சர் (2007), சுத்தியல் போன்ற கருவிகளால் எதிரிகளைத் தாக்க இடமளித்தது. அடுத்த ஆண்டில் வெளியான பெனும்பிரா: பிளாக் பிளேக் ஆட்டத்தில் சண்டை நீக்கப்பட்டது.

2010 செப்டம்பரில் வெளியான அம்னீசியா: த டார்க் டிசென்ட் இம்முறையை முழுமையாக்கியது. 1839 ஆம் ஆண்டில், புருசியாவின் பிரென்னன்பர்க் கோட்டையில் நினைவிழந்து கண்விழிக்கும் டேனியல் என்பவரே இதன் கதைமாந்தர். அவரிடம் ஆயுதம் ஏதும் இல்லை; எண்ணெய் விளக்கும் தீமூட்டிப் பெட்டிகளும் மட்டுமே உண்டு. இருளில் நின்றால் மனநிலை குன்றும். வெளிச்சத்தில் நின்றாலோ எதிரியின் கண்ணில் படக்கூடும். எதிரியை உற்று நோக்கினாலும் மனநிலை குன்றும். எனவே எதிரியின் உருவத்தை ஆட்டக்காரர் நன்கு பார்த்துப் பழகிவிடாதபடி ஆட்டத்தின் விதியே தடுக்கிறது. சுவரை நோக்கி மூலையில் ஒடுங்கி நிற்பதே பல இடங்களில் சிறந்த உத்தியாகிறது.

பார்வையை மறைத்தல்

அம்னீசியா ஆட்டத்தில் பெரிதும் பேசப்படும் பகுதி, நீர் தேங்கிய நிலவறையில் நிகழ்கிறது. அங்குள்ள உயிரி கண்ணுக்குத் தெரிவதே இல்லை. நீர்ப்பரப்பில் அது எழுப்பும் தெறிப்புகளும் ஓசையும் மட்டுமே அது வரும் திசையைக் காட்டுகின்றன. ஆட்டக்காரர் மிதக்கும் பெட்டிகளின் மீது தாவியும், இறைச்சித் துண்டுகளை வீசி அதன் கவனத்தைத் திருப்பியும் தப்ப வேண்டும். உருவமே வரையப்படாத ஓர் எதிரி, விரிவாக வரையப்பட்டவற்றைக் காட்டிலும் மிகுந்த அச்சத்தைத் தந்தது.

டேவிட் சிமான்ஸ்கி உருவாக்கிய அயர்ன் லங் (2022) இவ்வழியில் மேலும் ஒரு படி சென்றது. தொலைதூர நிலவொன்றில் உள்ள குருதிக் கடலில், ஒரு கைதி சிறிய நீர்மூழ்கிக் கலத்தில் அடைக்கப்பட்டு இறக்கப்படுகிறார். கலத்தில் வெளியே பார்க்கச் சன்னல் இல்லை. நிலப்படம், ஆயத்தொலை எண்கள், சுவர் நெருங்குவதை உணர்த்தும் ஒலி ஆகியவற்றைக் கொண்டே அதனைச் செலுத்த வேண்டும். வெளியே என்ன இருக்கிறது என்று அறிய ஒரே வழி, பின்புறமுள்ள பொத்தானை அழுத்தித் தெளிவற்ற ஒளிப்படம் ஒன்றை எடுப்பது. படம் எடுத்த நேரத்திற்கும் அதனைப் பார்க்கும் நேரத்திற்கும் இடையே அங்கிருந்த உயிரி எங்குச் சென்றது என்பது தெரியாது. ஆட்டம் ஏறத்தாழ முழுவதும் ஒரே அறைக்குள் நிகழ்கிறது.

அச்சத்தை அளவிடுதல்

வேறு சில ஆட்டங்கள் உயிரியை விடுத்து, அதனை எதிர்கொள்ளும் மனிதரை அளவிடுகின்றன. கனடாவின் ரெட் ஹூக் ஸ்டுடியோஸ் உருவாக்கிய டார்க்கஸ்ட் டஞ்சன் (2016) ஆட்டத்தில், நான்கு வீரர்கள் கொண்ட குழு ஒரு பழைய மாளிகையைச் சூழ்ந்த பகுதிகளுக்குள் செல்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் நலப்புள்ளியுடன் மன அழுத்த அளவும் உண்டு. அது 100-ஐ எட்டும்போது மனவுறுதி சோதிக்கப்படும். பெரும்பாலோர் ஐயம், தன்னலம், நம்பிக்கையின்மை போன்ற குறைகளுக்கு ஆளாகி ஆட்டக்காரரின் கட்டளையை மீறுவர். மிகச் சிலர் முன்னினும் துணிவு பெறுவர். அளவு 200-ஐ எட்டினால் மாரடைப்பு ஏற்படும். இறுதி எதிரி ஒரு கட்டத்தில் குழுவிலிருந்து ஒருவரின் உயிரைக் கேட்கும். யாரைக் கொடுப்பது என்பதை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தாக்குதலிலிருந்து தப்பும் வழி ஏதும் இல்லை. எண்கள் யாவும் திரையில் வெளிப்படையாகத் தெரிந்தும் இவ்வாட்டத்தில் அச்சம் குறைவதில்லை. நெடுநேரம் பேணி வளர்த்த வீரரை இழக்க நேரும் என்பதே அதற்குக் காரணம்.

நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ் உருவாக்கிய டிரெட்ஜ் (2023) ஒரு மீன்பிடி ஆட்டம். பகலில் அமைதியாக வலை வீசலாம். இரவில் கடலில் தங்கினால் கதைமாந்தரின் பதற்றம் கூடும். முன்பு இல்லாத பாறைகள் படகின் முன் தோன்றும். அவற்றில் மோதினால் படகு உண்மையாகவே சேதமடையும். உறங்கினால் பதற்றம் தணியும். ஆனால் சில மீன்கள் இரவில் மட்டுமே கிடைக்கும். இவ்வாறு ஆட்டக்காரரின் ஆசையே அவரை இருளுக்குள் இழுத்துச் செல்கிறது.

அதிரடி ஆட்டங்கள்

ஆயுதம் இருந்தாலே அச்சம் அற்றுப்போகும் எனக் கொள்ளலாகாது. மைனர் கீ கேம்ஸ் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட எல்ட்ரிச் ஆட்டத்தில் ஆயுதங்கள் உண்டு. எனினும் நிலைகள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்படுவதாலும், இறந்தால் தொடக்கத்திற்கே திரும்ப வேண்டியிருப்பதாலும், கற்ற பாதை மறுமுறை உதவுவதில்லை. சிமான்ஸ்கி 2018 ஆம் ஆண்டில் நிறைவு செய்த டஸ்க், குவேக் காலத்து வேகத்தையும் கரடுமுரடான உருவங்களையும் வேண்டுமென்றே மீட்டெடுத்தது. அதன் இறுதியில் லவ்கிராஃப்டின் நியார்லத்தோதெப் என்னும் உயிரி தோன்றுகிறது. போலந்தின் ஃபோபியா கேம் ஸ்டுடியோ உருவாக்கிய கேரியன் (2020) இம்முறையைத் தலைகீழாக்கி, உருவமற்ற தசைத்திரளாகிய உயிரியை ஆட்டக்காரரின் கையிலேயே ஒப்படைத்தது. இதில் அஞ்சி ஓடுபவர்கள் மனிதர்கள்.

சிறு குழுக்கள் நாடுவதற்கான காரணங்கள்

இவ்வகையைச் சிறு குழுக்கள் விரும்பித் தேர்வதற்கு இரண்டு காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது பதிப்புரிமை. ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் ஐரோப்பிய நாடுகளில், லவ்கிராஃப்டின் ஆக்கங்கள் 2008 தொடக்கத்தில் பொதுவுடைமை ஆயின. எனவே உரிமக் கட்டணம் செலுத்த இயலாதவர்களும் அவற்றைப் பயன்படுத்த முடிகிறது.

இரண்டாவது செலவு. இருளும் பனிமூட்டமும் தெளிவற்ற படமும் பொருள்களை வரையும் பணியைக் குறைக்கின்றன. மற்ற வகைகளில் குறையாகத் தெரியும் எளிமை, இவ்வகையில் நிறையாகிறது. போலந்தைச் சேர்ந்த பாவெல் கொஸ்மின்ஸ்கி, வேர்ல்ட் ஆஃப் ஹாரர் (2023) ஆட்டத்தின் படங்களை மைக்ரோசாஃப்ட் பெயிண்ட் என்னும் எளிய மென்பொருளில் பெரும்பாலும் கருப்பு வெள்ளையில் வரைந்தார். அவற்றின் முழுமையின்மையே ஆட்டத்தின் திகிலுக்குத் துணைசெய்தது.

ஆட்டத்தை ஆடிக்காட்டிப் பதிவுசெய்யும் நிகழ்படங்களும் இவை பரவ உதவின. அம்னீசியாவை ஆடி அஞ்சுவோரின் பதிவுகள் 2010-க்குப் பின் யூடியூப் தளத்தில் பெரும் வரவேற்பைப் பெற்றன.

திறனாய்வு

லவ்கிராஃப்டின் கடிதங்களிலும் சில கதைகளிலும் இனவெறுப்பு வெளிப்படையாக உள்ளது. 1927 ஆம் ஆண்டில் வெளியான "ரெட் ஹூக்கின் திகில்" கதையில், குடியேறிய மக்களே அச்சத்தின் ஊற்றாகக் காட்டப்படுகின்றனர். இதன் பொருட்டு எழுந்த எதிர்ப்பினைத் தொடர்ந்து, உலகக் கனவுருப்புனைவு விருதாக வழங்கப்பட்டு வந்த அவரது தலையுருச் சிலையைக் கைவிடும் முடிவு 2015 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

மனநிலையை ஓர் அளவுகோலாக்குவதும் கேள்விக்குள்ளாகியுள்ளது. மனநோய் என்பது அச்சமூட்டும் காட்சியைக் கண்டதால் குறைந்து, மருந்தால் உடனே நிரம்பும் ஒரு தொட்டி அன்று. அவ்வாறு காட்டுவது நோயுற்றோரைப் பற்றிய தவறான கருத்தை வளர்க்கும் என்பது திறனாய்வாளர்களின் வாதம். அண்மைய ஆட்டங்களில் சொற்களும் மாறியுள்ளன. டார்க்கஸ்ட் டஞ்சன் மன அழுத்தத்தையும், டிரெட்ஜ் பதற்றத்தையும், அம்னீசியா: ரீபெர்த் (2020) அச்சத்தையும் அளவிடுகின்றன. இவை எல்லா மனிதருக்கும் நேர்வன. யாரையும் நோயாளர் என்று முத்திரை குத்துவன அல்ல.

நுண்கரங்கள் கொண்ட பேருயிரி பொம்மைகளிலும் சட்டைகளிலும் அச்சாகும் அளவுக்குப் பழகிவிட்டதால், அதன் அந்நியத்தன்மை தேய்ந்துவிட்டது என்னும் கருத்தும் உண்டு. மேலே கூறிய ஆட்டங்களில் நீர்த்தெறிப்பு, ஒளிப்படம், புதிதாய் முளைத்த பாறை ஆகியவையே அச்சம் தருகின்றன. 

மூல நிரல்

இவ்வாட்டங்களின் உள்ளமைப்பை ஆராய விரும்பும் மாணவர்களுக்குக் கட்டற்ற மூல நிரல்கள் சில கிடைக்கின்றன. குவேக் ஆட்டப்பொறியின் மூல நிரல் 1999 ஆம் ஆண்டில் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அம்னீசியா: த டார்க் டிசென்ட், அதன் தொடர்ச்சியான அம்னீசியா: எ மெசின் ஃபார் பிக்ஸ் (2013) ஆகியவற்றின் மூல நிரல்களை ஃபிரிக்சனல் கேம்ஸ் 2020 ஆம் ஆண்டில் அவ்வுரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வெளியிட்டது. படங்களும் ஒலிகளும் இவ்வெளியீடுகளில் அடங்கா. எனினும் எதிரி எவ்வாறு கேட்கிறது, எவ்வளவு தொலைவில் காண்கிறது, எப்போது துரத்துவதைக் கைவிடுகிறது என்பன போன்ற விதிகளை நிரலில் தேடிப் படித்து அறியலாம்.