மூன்று ரகக் குஞ்சுகளும் ஒரு பஞ்சாரமும்



எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று ரகக் கோழிகள் மேய்கின்றன. அப்பத்தாவின் சிறுவிடை, அப்பா வாங்கிய கிரிராஜா, மாமா கொடுத்த கருங்கோழி. போன வருஷம் இந்தக் குஞ்சுகளை ஒன்றாக வளர்க்கப் போய் நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன். நம் பள்ளியில் கோழி வளர்க்கும் வீடுகள் நிறைய. எங்கள் தப்பை நீங்களும் செய்ய வேண்டாம்.

சிறுவிடை நம் ஊர்க் கோழி. சின்ன உடம்பு, நல்ல ஓட்டம். கிரிராஜா பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ரகம். பார்க்க நாட்டுக்கோழி மாதிரி பல நிறத்தில் இருக்கும், ஆனால் வேகமாக எடை போடும். கருங்கோழி என்கிற கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி. 2018-இல் புவிசார் குறியீடு வாங்கியது. மெலனின் என்ற நிறமியால் அதன் தோல், கறி, எலும்பு வரை கறுத்திருக்கும். (முட்டையும் கறுப்பா என்று கேட்காத ஆளே இல்லை. இல்லீங்க, லேசான பழுப்புதான்!)

கார்த்திகை மாசம், நல்ல மழை. அப்பத்தாவின் கோழி எட்டுக் குஞ்சோடு திரிந்தது. குஞ்சுகளுக்குப் பத்து நாள் வயசு. அப்பா அட்டைப்பெட்டியில் பன்னிரண்டு கிரிராஜா குஞ்சு கொண்டு வந்தார், பொரித்து ஒரே நாள் ஆனவை. "இதுகளையும் அதுவே பாத்துக்கும்" என்று பட்டப்பகலில் தாய்க்கோழியிடம் விட்டோம். அது தலையிலேயே கொத்தியது! காரணம் பிறகுதான் தெரிந்தது. தாய்க்கோழி முதல் இரண்டு மூன்று நாளில் தன் குஞ்சுகளின் நிறத்தையும் குரலையும் பழகிக்கொள்ளும். அதன் பிறகு வருவது எல்லாம் அதற்கு அந்நியம். சேர்ப்பதானால் அந்த முதல் நாட்களுக்குள், இருட்டில், சத்தமில்லாமல் இறக்கைக்கு அடியில் வைக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு கட்டினோம். முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் எல்லாம் தேவையில்லை, குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. எல்லாம் ஒரே மூலையில் ஏறி நெருக்கியதில் அடியில் இருந்த மூன்று மூச்சுமுட்டிச் செத்துவிட்டன. அதிலிருந்து மூலையே இல்லாமல் அட்டையை வட்டமாக வளைத்து வைக்கிறோம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடவும் மறக்காதீர்கள், குஞ்சு உள்ளே விழுந்து நனையாது.

கொஞ்சம் வளர்ந்ததும் வேறு தகராறு. கிரிராஜா இரண்டு மாசத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தொட, சிறுவிடை கைக்குள் அடங்கும் அளவில்தான் இருந்தது. குருணையைத் தூவினால் பெரியது சின்னதைத் தள்ளிவிட்டுத் தானே தின்றது. அப்பத்தாதான் வழி கண்டுபிடித்தார். பஞ்சாரத்தை மூன்று கல்மேல் தூக்கி வைத்து, உள்ளே தீனி போட்டார். சின்னது நுழையும், பெரியது வெளியே நின்று தலையை மட்டும் நீட்டும்! கலயத்தில் சாணமும் வைக்கோலும் நனைத்துப் புற்றுப் பக்கம் ராத்திரி கவிழ்த்து வைத்தால், காலையில் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு அதைவிடச் சத்தான தீனி கடையில் கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் பார்த்தேன். பருந்து நிழல் தெரிந்ததும் தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும், சிறுவிடைக் குஞ்சுகள் உடனே செடிக்கு அடியில் மறைந்துவிடும். பெட்டியில் வளர்ந்த கிரிராஜா நடு முற்றத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். அப்படி ஒன்றைப் பருந்து தூக்கியது.

ஆனால் பெரிய இழப்பு மாசியில் வந்தது. சந்தையில் ஒரு சேவல் வாங்கி, அன்றே கூட்டத்தில் விட்டோம். நாலாம் நாள் அது தூங்கி வழிந்தது, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. அடுத்த வாரம் மற்றவையும் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். வைரஸ் என்பதால் வந்த பிறகு மருந்து கிடையாது. கிரிராஜாவுக்கும் கருங்கோழிக்கும் ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தோம். சிறுவிடைக்கு விடவில்லை. "நாட்டுக்கோழிக்கு என்னத்துக்குடா மருந்து? மண்ணைக் கிண்டித் தின்னு பொழச்சுக்கும்" என்று அப்பத்தா சொன்னார், நாங்களும் விட்டுவிட்டோம். கிரிராஜாவில் ஒன்று செத்தது. சிறுவிடை பெரிசும் சிறிசுமாகப் பதினாறில் பன்னிரண்டு போயின. எனக்கு நோட்டு, பேனா எல்லாம் அந்த முட்டைக் காசுதான். அப்பத்தா இரண்டு நாள் காலிப் பஞ்சாரத்துப் பக்கமே போகவில்லை.

இப்போது எந்தக் கோழி வாங்கினாலும் மூன்று வாரம் தனியாகக் கட்டிப்போட்ட பிறகே சேர்க்கிறோம். எந்த ரகமாக இருந்தாலும் ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நாலாம் வாரம் திரும்பவும் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி.

மிஞ்சிய சிறுவிடையில் ஒன்று பதினொரு முட்டையில் அடை உட்கார்ந்திருக்கிறது. அதில் ஐந்து கிரிராஜா முட்டை, ஏனென்றால் கிரிராஜா தானாக அடை உட்காருவது அபூர்வம். இருபத்தோராம் நாள் வரும் சனிக்கிழமை. அதிலிருந்து ஏழாம் நாள் சொட்டு மருந்து. ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு வரும், கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று குஞ்சுதான் தேறுகிறது. உங்கள் வீட்டில் குஞ்சு இருந்தால் மதிய இடைவேளையில் என்னிடம் எண்ணிக்கை சொல்லுங்கள். கூடையில் துணி போட்டு மூடி எடுத்து வந்தால் போதும்.

— 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்