தகரத் துண்டும் சர்வதேசக் கல்வியும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த வாரத்தில், பசறை வீதியை அடுத்த தோட்டமொன்றிலிருந்து ஒரு தந்தையும் மகளும் பதுளையிலுள்ள என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்திருந்தனர். கலைப் பிரிவில் நல்ல முறையில் சித்தியெய்தியிருந்த அந்தப் பெண்ணுக்குக் கொழும்புக்குச் சென்று சர்வதேச உறவுகள் பயில வேண்டுமென்பது ஆசை. தந்தைக்கோ அந்தப் பெயரே பிடிபடவில்லை. "டீச்சருக்குப் படிக்கிறது தெரியும் ஸார், நர்ஸுக்குப் படிக்கிறது தெரியும். இது என்னங்க, நாடு நாடா சுத்துறதுக்கு ஒரு படிப்பா?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் மகளே பதில் சொல்லிவிட்டாள்: "நம்ம பாட்டனே நாடு விட்டு நாடு வந்தவருதானேப்பா."

விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தையில் அவள் பயில விரும்பும் சாஸ்திரத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. யுத்தமும் சமாதானமும், வர்த்தகமும் கடனும், உடன்படிக்கைகளும், மனிதர் எல்லை தாண்டிக் குடிபெயர்வதும் ஆகிய இவையனைத்தும் ஏன் நிகழ்கின்றன, எவ்விதம் நிகழ்கின்றன என்று விசாரிப்பதே சர்வதேசக் கல்வி. முதலாம் மகாயுத்தத்தில் மாண்ட மாணவர்களின் ஞாபகார்த்தமாக, வேல்ஸ் தேசத்து நிலக்கரிச் சுரங்கங்களில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு டேவிட் டேவிஸ் குடும்பத்தார் அபெரிஸ்துவித் கல்லூரியில் 1919 இல் நிறுவிய பேராசிரியர் பதவிதான் இத்துறைக்கென உலகில் முதன்முதல் ஏற்பட்டது. சுரங்கக் கூலியாளின் வியர்வையில் பிறந்த படிப்பு, கொழுந்து பறிப்பவளின் மகளுக்கு மட்டும் எட்டாததாக எப்படி ஆகும்?

நம் மலையகத்தாருக்கு இத்துறையின் முதற் பாடநூல் அவரவர் குடும்பச் சரித்திரமே. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துவந்த காலத்தில், போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டொன்றை ஒவ்வொருவர் கழுத்திலும் கட்டிவிட்டார்கள். வழியில் ஆள் தப்பிப் போகாமலும், பிரயாணச் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறவேண்டும் என்பது பிசகாமலும் இருப்பதற்கு அது ஒரு சுலபமான உபாயம். அக்காலத்துக் கடவுச்சீட்டு அதுதான் என்று சொன்னால் மிகையாகாது. வைத்திருப்பவரின் பெயருக்கு அதில் இடமிருக்கவில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

பிறகு சுதந்திரம் வந்தது. வந்த ஆண்டிலேயே இயற்றப்பட்ட 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை எத்தேசத்துக்கும் உரியவரல்லாதவராக ஆக்கிவிட்டது. நேருவும் கொத்தலாவலையும் 1954 இல் பேசினர்; தீரவில்லை. 1964 அக்டோபர் 30 ஆம் தேதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையோ, 975,000 ஜீவன்களைக் கணக்குப் பிள்ளை கொழுந்து நிறுப்பதைப் போல நிறுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று பங்கிட்டது. அந்த மிச்சத்தை 1974 இல் இந்திரா காந்தியும் ஸ்ரீமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக்கினர். பங்கிடப்பட்டவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கப்பலேறியோரில் ஒரு பகுதியினருக்கு வாழ்வளிப்பதற்காகவே நீலகிரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் தேயிலைத் தோட்டங்களைத் திறந்தது. இன்றைக்கும் கூடலூர்ப் பக்கம் போனால் பண்டாரவளையின் பேச்சைக் கேட்கலாம். இங்கே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவாறு முடிவுக்கு வந்தது. ஷெல்டன் கொடிகார சுதந்திரத்துக்குப் பிந்திய இந்திய–இலங்கை உறவுகளைப் பற்றி 1965 இல் வெளியிட்ட ஆங்கில நூலை, இத்துறையில் அடியெடுத்து வைக்கும் நம் மாணவர் எவரும் வாசியாமல் இருக்கக்கூடாது.

இனி, பட்டப் படிப்பைத் திட்டமிடும் விஷயத்துக்கு வருவோம். அந்தத் தந்தை என்னிடம் வந்தது இரண்டு வருஷம் தாமதித்து. ஏனெனில், திட்டம் தொடங்கவேண்டிய இடம் சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தர வகுப்புக்கும் இடையிலுள்ள அந்தச் சில மாதங்களே. அரசியல் விஞ்ஞானம், வரலாறு, புவியியல், பொருளியல் ஆகியவற்றுள் இரண்டையேனும் மூன்று பாடங்களுக்குள் சேர்த்துக்கொண்டவனுக்குப் பின்னால் பாதை இலகுவாகும். "எந்தப் பாடத்துக்குச் சுலபமாகப் புள்ளி விழும்" என்ற ஒரே யோசனையோடு பாடம் தெரிபவர்களே நம்மிடையே அதிகம். இசட் புள்ளியின் கொடுமை அப்படி, அவர்களை நான் குறைகூறத் துணியேன்.

அனுமதி கிடைத்தபின் நடப்பதைப் பலர் அறியார். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்தில் சர்வதேச உறவுகளுக்கெனத் தனித் துறை இருப்பினும், மாணவர் சேர்வது பீடத்தில்தான். முதலாம் ஆண்டில் சில பாடங்களைப் பயின்று, அவற்றில் பெறும் தகுதியைக் கொண்டே நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக வேண்டும். ஆகவே அந்த முதலாண்டு உல்லாசமாகக் கழிப்பதற்கன்று. நம் பிள்ளைகளுக்கு அதில் பெரிய தடை ஆங்கிலம். உடன்படிக்கைகளும் ஆய்வுகளும் பெரும்பாலும் அம்மொழியிலேயே இருப்பதால், தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் வாசிக்கும் சக்தியைப் பண்டாரவளையிலோ பதுளையிலோ இருக்கும்போதே சம்பாதித்துக்கொள்வது நலம். பல்கலைக்கழக வாயில் அடைபட்டவர்க்கும் வழியுண்டு: கொழும்பில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டப வளாகத்திலுள்ள சர்வதேசக் கற்கை நிலையத்தில் டிப்ளோமாப் பயிற்சி நடைபெறுகிறது. 1976 இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கூடியது அந்த மண்டபத்தில்தான்.

பட்டம் ஒன்றானாலும் அதற்குள் தனக்கென ஒரு பிராந்தியத்தையும் அதன் மொழியையும் வரித்துக்கொள்ளாதவன் எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்ந்தவனாகவே வெளியேறுவான் என்பது என் அபிப்பிராயம். ஊவாவின் பிள்ளைக்கு அத்தெரிவைத் தேயிலையே காட்டிக்கொடுக்கும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது இம்மலைச் சரிவுகளில் விளையும் கொழுந்துக்கு ஏற்படும் தனி வாசனைக்காக ஜப்பானியர் நெடுங்காலமாக விலை கொடுத்து வாங்குகின்றனர். 'வ' என்ற ஒலி அவர்கள் நாவில் எளிதில் வாராமையால் 'உபா' என்பார்கள். டோக்கியோவின் தேநீர்க் கடைகளில் அறிமுகமான அந்தப் பெயரின் சொந்தக்காரர்களாகிய நம்மில் ஜப்பானிய பாஷை அறிந்தவர் எத்தனை பேர்? 2012 இல் வாங்கிய எண்ணெய்க்காக ஈரானுக்குச் செலுத்தவேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகவே தீர்ப்பதென 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது. லயத்து வாசலில் கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்ணுக்கு, தான் பறிப்பது பாரசீகத்துக் கடனை அடைக்கிறது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற தாய்மாரோ தோட்டந்தோறும் உண்டு. அரபு மொழியைப் புத்தகமின்றிக் கற்றுத் திரும்பியவர்கள் அவர்கள்.

உத்தியோகம்? தூதரகம் என்ற ஒன்றையே கனவு காண்பது அபாயம். இலங்கை வெளிநாட்டுச் சேவைக்குப் பட்டதாரிகளைப் போட்டிப் பரீட்சை மூலமே சேர்க்கிறார்கள், இடங்களோ சொற்பம். ஆனால் தேயிலை ஏற்றுமதி நிறுவனங்கள், தொழிற்சங்கங்களின் சர்வதேசப் பிரிவு, பத்திரிகைத் தொழில், ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த ஸ்தாபனங்கள் ஆகியவற்றிலும், நிருவாகச் சேவையிலும் இப்படிப்புக்குப் பிரயோஜனம் உண்டு. செலவுக்கு, 1947 இல் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் ஆதரவில் அமைக்கப்பட்ட கல்வி நிதியம் உதவிப்பணம் வழங்கிவருகிறது. அதற்கான விளம்பரத்தைத் தவறவிடாமல் பார்த்து வரவேண்டும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த தந்தை எழுந்து செருப்பை மாட்டும்போது, வேறேதோ ஞாபகம் வந்தவர்போல நின்றார். "எங்க அம்மா பேர்ல இந்தியா பாஸ்போர்ட் ஒண்ணு எடுத்தாங்க ஸார். அப்புறம் தலைமன்னார் கப்பல் நின்னு போச்சு. டிரங்குப் பெட்டியில கெடக்குது."

"அத எனக்கு எப்பவுமே காட்டலியேப்பா" என்றாள் மகள்.

மறு ஞாயிற்றுக்கிழமை அவள் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்தாள். அட்டையின் ஓரம் கரப்பான் அரித்திருந்தது; படத்தில் மூக்குத்தியோடு ஒரு முப்பது வயதுப் பெண். முத்திரையிடுவதற்கான பக்கங்களை அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் வெறுமையாக இருந்தன.